கரியர் இல்லாத சைக்கிள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வேறு விதமாகச் சொல்லி உங்களைப் பேய்க்காட்ட எனக்கு விருப்பமில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் காணிக்காரன் யோகலிங்கம் ஒரு சைக்கிள் வாங்கினான். என் மனைவி ஜெகதீஸ்வரி குசினி வாசலில் அகப்பையும் கையுமாக நின்று, அது வாய்க்கால் கட்டால் போய் மறையும்வரை பார்த்தாள். பிறகு, "என்ன வடிவாப் போகுது" என்றாள். அவ்வளவுதான். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேனையை எடுத்தேன்.

உருத்திரபுரத்து வயல்களின்மேல் வெயில் மெல்ல

(விடுங்கோ. வெயிலில் தொடங்கும் கதையை நானே வாசிக்கமாட்டேன்.)

வீரகத்தி என்றொரு நல்ல மனிதன் இருந்தான். பக்கத்துக் காணியில் யோகலிங்கம் என்றொரு

(இங்கே ஒரு சொல் இருந்தது. பத்திரிகைக்காரர் போடமாட்டார்கள். வெட்டிவிட்டேன்.)

2

வீரகத்தி யாரென்று கேட்பீர்கள். என்னை மறைக்க நான் பிடித்த ஆள். அவன் நல்ல சைக்கிள் வாங்குவான், யோகலிங்கம் கூடாத சைக்கிள் வாங்கி ஊர் சிரிக்க நிற்பான். இதுதான் ஏற்பாடு. வீரகத்தி கடையில் நின்று கதைக்கும் இடம் எனக்கு நல்ல விருப்பம். அதை மட்டும் வெட்டாமல் தருகிறேன்:

"சைக்கிள் வாங்கிறவன் முதல்ல றோட்டைப் பாக்கவேணும். எங்கட றோட்டு கிறவல் மண். மாரியில சேறு, கோடையில முள்ளு. மெல்லிய டயர் எத்தினை நாளைக்கு நிக்கும்? நெல்லு ஏத்தக் கரியர் வேணும், சேறு அடிக்காமல் மட்காட் வேணும். விலை கூடினது மினுங்கும், குறைஞ்சது கிலுகிலுக்கும். நடுவில நிக்கிறதை எடுத்துச் சில்லைச் சுத்திப் பார். ஆடக்கூடாது. ஏறி இருந்து மிதிச்சுப் பார். முழங்கால் நெஞ்சில முட்டக்கூடாது. இதுதான் காசுக்கேத்த சைக்கிள்."

யோகலிங்கம் வாங்கியதோ? வளைந்த ஹாண்டில். நாற்று நடுகிறவன்போலக் குனிந்துதான் ஓடவேண்டும். மட்காட் இல்லை. கரியர் இல்லை, பின்பக்கம் வெட்டவெளி. றேஸ் சைக்கிளாம். யாழ்ப்பாணத்துக் கடையில் அந்த இனத்திலேயே மலிவானதாம். வயல் செய்யும் கமக்காரனுக்கு றேஸ் என்னத்துக்கு? ஆரோடு ஓடப்போகிறான், எருமையோடா?

(இந்த வரி நன்றாக இருக்கிறது. இருக்கட்டும்.)

[பக்கத்தின் அடியில் போடவேண்டியது: கதையில் அவன் வழியெல்லாம் முள்ளுப் போட்டேன். டயருக்குக் காற்றும் போகவைத்தேன். ஆனால் அந்த வரியை எழுதும் நேரம் பார்த்து அவன் என் வேலிக்கு வெளியே சீட்டியடித்துக்கொண்டு போனான். ஒரு மனிதன் எப்படி எழுத?]

3

எழுதியும் வெட்டியும் இரண்டு மாதம் போனபின் ஜெகதீஸ்வரி வாசித்தாள்.

"ஆரப்பா இந்த வீரகத்தி?"

"கற்பனை."

"கற்பனை ஆளின்ர பட்டியில எங்கட சிவலை மாடு எப்பிடி நிக்குது? போன மாதம் கரியர் வைச்ச சைக்கிள் வாங்கினது நீங்கள்தானே?"

ஓம், நான்தான். எனவே வீரகத்தி இந்த இடத்தோடு வீட்டுக்குப் போகலாம். பாவம், நல்ல பிள்ளை. இனி வருவது நான்.

யோகலிங்கம் வாங்கியதைக் கண்டபின்தான் நானும் வாங்கினேன். கறுப்பு, பாரமான வண்டி. கரியரில் ஒரு மூட்டையோ ஒரு மனிசியோ சுகமாக இருக்கலாம். மூட்டைக்கு என்று வாயால் சொன்னேன். மனதில் இருந்தது மனிசி. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் பொங்கல் வரும். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மனைவி ஆரோ ஒருவருடைய மாட்டு வண்டிலில், அண்டா குண்டாக்களுக்கு நடுவில் ஒதுங்கித்தான் அங்கே போய்வருகிறாள்.

"இந்தமுறை ஒருத்தற்ற வண்டிலிலும் ஏறமாட்டன், என்ன?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

நானே கொண்டுபோவேன் என்று வாக்குக் கொடுத்தேன். யோகலிங்கத்தின் படலை வாசலைத் தாண்டித்தான் போவது என்று எனக்குள் இன்னொரு வாக்கு.

4

(இந்தப் பகுதி முழுக்க அவனுக்குத் திட்டாக இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.)

5

சைக்கிள் தெரிவுசெய்வது பற்றி இவ்வளவு பிரசங்கம் வைத்தவன், ஒன்றை மறந்துபோனேன். யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் குடியேற்றத்துக்கு வந்தபோது நாங்கள் எல்லாரும் வெறுங்கை. மண்வெட்டியும் மாடும் உப்பும் இரவல் வாங்கித்தான் காடு வெட்டினோம். அதனால் படலையில் வந்து கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்களிடம் கிடையாது. சொன்ன வீட்டுக்கு அறுவடைக்கு ஆள் வராது.

கரியர் வைத்த சைக்கிளுக்கு இதன் பொருள் என்ன? அடுத்த காணி இளையதம்பி மில்லில் நெல்லுக் குத்தக் கொண்டுபோனார். அவர் கொண்டுவந்து விட, இன்னொருவர் மருத்துவிச்சியை ஏற்றிவரக் கொண்டுபோனார். ஒருவர் அக்கராயனுக்கு ஆடு ஏற்றினார். அந்த நாற்றம் இன்னும் போகவில்லை. சைக்கிள் வாங்கிய பிறகுதான் நான் முன்னைவிடக் கூட நடக்கிறேன்.

யோகலிங்கத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய? ஆட்டை எங்கே வைக்க? அவன் தன் சைக்கிளில் தானே ஓடித் திரிந்தான்.

"தம்பி, ஒரு கரியர் பூட்டினால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பூட்டினால் அது ஊர்ச் சைக்கிளாப் போயிடும் அண்ணை" என்று சிரித்தான்.

தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான்! அன்று என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு பானை பொங்கியிருக்கலாம்.

6

இன்று பொங்கல். சைக்கிளை நேற்றே வைக்கல் போருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஜெகதீஸ்வரி கிளிப்பச்சைச் சேலை உடுத்திப் பூவும் வைத்துவிட்டாள். அவள் விபூதி பூசிவர எடுக்கும் நேரத்தில் முடிவை எழுதிவிடலாம் என்று இருந்தேன். முடிவு இதுதான்: நாங்கள் யோகலிங்கத்தின் படலையைத் தாண்டும்போது அவன் வாசலில் நிற்கிறான், நான் மணியை

"அண்ணை! நிக்கிறியளோ?"

(இது நான் எழுதிய வசனம் இல்லை. படலையில் உண்மையாகவே நிற்கிறான், அந்த வளைந்த சனியனோடு.)

"மாமாவின்ர வண்டில் நிரம்பிப் போட்டுது அண்ணை. பத்மாசனிக்கு இடமில்லை, அழுதுகொண்டு நிக்கிறா. இதில பின்னுக்கு இருத்தேலாது. உங்கடையை ஒருக்காத் தாங்கோவன்."

பத்மாசனி அவன் பெண்சாதி. நல்ல பிள்ளை, அவளில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் என் கரியரில், என் மனைவிக்கென்று நான் சாக்கு மடித்துக் கட்டிய இடத்தில், அவன் மனைவியா? இல்லை என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது. ஊரில் ஒருவரும் சொல்லாத சொல். அறுவடைக்கு ஆள் வராவிட்டால் போகட்டும் என்றே வாயைத் திறந்தேன்.

"குடுங்கோவன், பாவம்" என்று உள்ளேயிருந்து வந்தாள் ஜெகதீஸ்வரி. பிறகு அவனிடம், "தம்பி, உங்கடையை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ."

அவள் காட்டிய வைக்கல் போருக்குப் பின்னாலிருந்து அவன் என்னுடையதை உருட்டிக்கொண்டு போய்விட்டான். நான் அவனுடையதை வேலியில் சாத்தினேன்.

"கரியர் இல்லையே" என்றேன்.

"முன் பாரில இருக்கலாம்தானே?"

எங்கள் பக்கத்தில் பெண்சாதியை முன் பாரில் இருத்திப் பகலில் ஒருவரும் போனதில்லை. போனால் என் இரண்டு கைகளுக்கும் நடுவில் அவள் இருப்பாள், அவள் தலைப்பூ என் மூக்கில் முட்டும், வழியில் கண்டாவளைச் சனம் முழுக்கப் பார்க்கும். ஐயோ, எனக்கு அது வேணும்! ஆனால் சனம் என்ன சொல்லும்? யோகலிங்கத்தின் சைக்கிளில் வருகினம் என்றுதானே சொல்லும்.

இதைக் கொப்பியில் எழுதிக்கொண்டே நிற்கிறேன். நிறுத்தினால் ஏதாவது பதில் சொல்லவேண்டி வரும். அவள் ஏற்கெனவே பாரில் ஏறி, சேலையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, புதுப்பிள்ளைபோலச் சிரிக்கிறாள். அந்த ஹாண்டிலை ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். இப்போது என் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்:

"என்னப்பா, இதைத் திருப்பிக் குடுக்கத்தான் வேணுமோ?"

வாசகரே, பதிலை நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஹாண்டிலைப் பிடிக்க இரண்டு கையும் வேணும்.