புதுசுக்குத் தேவையில்லை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவனைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதால் அவனுக்குப் பரமலிங்கம் என்று பெயர் வைக்கிறேன். வயது இருபத்திரண்டு. இரணைமடுக் குடியேற்றத்தில் தகப்பனின் வயலைப் பார்ப்பதாகப் பேர்; பார்ப்பதெல்லாம் மொழிபெயர்ப்பு நாவல்கள்.

முதல் தொடக்கம்: ‘ஆறு துப்பாக்கி ரவைகளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது. யானை இன்னும்

(விட்டுவிட்டேன். ரிவோல்வரை அவன் தொட்டதே இல்லை. யானை வரும் பக்கத்தை மட்டும் எப்படியோ நன்றாக எழுதிவிட்டான்.)

2

ஆகவே இன்று மத்தியானம் சாப்பிட்டதும் பரமலிங்கம் தன் யானைக் கதையைச் சொல்லித் துவக்கைப் பார்க்க வாய்க்கால் ஓவசியர் ஐயாத்துரை வீட்டுக்குப் போனான். அவரிடம் இரண்டு ரிவோல்வர்கள் இருந்தன. பழையது நிலம் அளக்க வந்த ஒரு வெள்ளைக்கார சேவையர் விட்டுப்போனது. புதியது, கப்பலில் வேலை செய்யும் தம்பி போன மாதம் கொண்டுவந்தது. ஓவசியர் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

பழையதன் குழல் ஏறக்குறைய ஒரு சாண். புதியதன் குழல் கட்டை. ஆனால் உடம்பு தடித்தது, கையில் எடுத்தால் அதுதான் பாரம். பழையதன் பிடி கலப்பை மேழிபோல் உள்ளங்கையில் தானாக வந்து உட்கார்ந்தது. குதிரையை* இழுத்தபோது உள்ளே நாலு தரம் ‘டிக்’ என்றது. புதியதில் ஒரு ‘டிக்’ குறைவு.

“வெடிச்சாப் பழசு கைக்குள்ள உருண்டு மேல எழும்பும். புதுசு நேரா மணிக்கட்டில இடிக்கும்” என்றார் ஐயாத்துரை. “எத்தினை ரவை போடுவாய், சொல்லு பாப்பம்?”

“ஆறு.”

“உந்தக் கதைப்புத்தகக்காரர் எல்லாருக்கும் ஆறுதான்! அஞ்சு, மோனை. குதிரைக்குக் கீழ இருக்கிற ஓட்டை எப்பவும் வெறுமையாக் கிடக்க வேணும். ரவை இருந்து, துவக்குத் தவறி விழுந்து குதிரை கல்லில அடிபட்டா, விசையைத் தொடாமலே வெடிக்கும்.”

பரமலிங்கம் கொப்பியில் குறித்துக்கொண்டான். அப்போதுதான் ஓவசியரின் மனைவி நாகேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தா. கடைசிச் சொற்களைக் கேட்டவுடன் தட்டோடு அப்படியே நின்றா.

* குதிரை: விசையை அழுத்தியதும் பாய்ந்து ரவையைத் தட்டும் இரும்பு. இந்த வகைத் துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் அதைப் பெருவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும்.

3

அவன் புறப்பட்டபோது நாகேஸ்வரி படலை வரை வந்தா.

“தம்பி, அவர் கிணத்தடியில குளிக்கேக்க நான்தான் துவக்கைத் துடைச்சு ரவை போட்டுப் பையில வைக்கிறனான். பின்னேரம் யானை வெருட்டக் குளக்கட்டுக்குப் போவார். ஒரு ஓட்டையை வெறுமையா விட்டு ஆளை அனுப்ப மனம் கேக்குதில்லை. வெளிக்கிடேக்க வெறுங்குடம் எதிர வாற மாதிரிக் கிடக்கு. புதுசுக்குமோ அப்பிடி விட வேணும்?”

இவ்வளவு மரியாதையோடு அவனிடம் ஒருவரும் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் நான்

இல்லை, பரமலிங்கம். பரமலிங்கம் சொன்னான்:

“புதுசுக்குத் தேவையில்லை, அக்கா. அது பழசுக்கு மட்டுந்தான்.”

“அப்ப இண்டைக்குப் புதுசைக் கொண்டுபோகச் சொல்லுறன்.” அவவின் முகம் தெளிந்தது. “நீங்கள் சொன்னபடியாத்தான் நிம்மதி.”

4

இப்போது நாலே முக்கால். முற்றத்து மேசையில் இருந்து எழுதுகிறேன். ஓவசியரின் பேச்சைச் சரியாகப் போட நினைத்துக் கொப்பியைப் புரட்டினேன். என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘புதுசும் இதே மாதிரித்தான். குதிரை ரவைக்கு மேலதான் படுக்கும். வடிவைப் பாத்து ஏமாறாதை.’

இதை எழுதிய நினைவு எனக்கு இல்லை.

(பரமலிங்கத்துக்கும் இல்லை.)

மாற்றுமுடிவு ஒன்று: நாகேஸ்வரி ஆறாவது ரவையைக் கையில் எடுக்கிறா, யோசிக்கிறா, திரும்பப் பெட்டியில் போடுகிறா. நாலு தரம் எழுதிப் பார்த்தேன். நாலு தரமும் அவவின் விரல் அதை ஓட்டைக்குள் தள்ளிவிடுகிறது. அன்போடு தள்ளுகிறது.

மாற்றுமுடிவு இரண்டு: ‘ஐயாத்துரை பையைச் சைக்கிள் கைப்பிடியில் கொளுவினார். ஒழுங்கையால் வந்தார். வேலியடியில் மணி அடித்தார்.’

எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். என் வேலிக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது.

“என்ன மோனை, யானை செத்துதோ?” என்று கேட்டுச் சிரித்தபடி போனார். பை ஆடியது. கூப்பிட வாய் திறந்தேன். அவர் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. அவரும் நிற்கவில்லை.

5

கட்டுக்கு இங்கிருந்து ஒரு மைல். பாதை முழுக்கக் கல். என் சைக்கிள் வேம்பில் சாத்திக் கிடக்கிறது, இரண்டு சில்லிலும் காற்று இருக்கிறது. விழுவதை எழுதாவிட்டால் அவர் விழமாட்டார் என்று ஒரு எண்ணம். பேனையை வைத்தால் அடுத்த வரியை வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்று இன்னொரு எண்ணம்.

‘அவர் குளக்கட்டில் ஏறிவிட்டார். வலது பக்கம் குளத்துத் தண்ணீர். பையின் வார் கைப்பிடியில் நுனி வரைக்கும் வழுகி’

இவ்விடத்தில் நீங்கள் வாசிப்பதை நிறுத்தினால் நான் எழுந்து அவர் பின்னால் ஓடுவேன்.

இந்த வரிக்கும் வந்துவிட்டீர்கள்.