சோக்க உடு

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஆவடிப் பக்கம் பட்டாளத்து டிப்போ வந்தது. அந்த வருஷம் என் கொல்லையில் ரோடு போகப் போகிறது என்று சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. கோடு என் கிணற்றைத் தொடாமல் கொஞ்சம் தள்ளித்தான் போனது. ஆனால் கோட்டின்மேல் ஓர் இலுப்பை மரம் நின்றது. இரண்டு பேர் கைகோர்த்தால்தான் அதைக் கட்டிப் பிடிக்க முடியும்.

மரம் போவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அதன் நிழலில் கத்தரி பிடிப்பதில்லை. கிணறுதான் எனக்கு முக்கியம். மண் இளகிய இடம் என்பதால் அடியிலிருந்து செங்கல் வைத்துக் கட்டியது. அண்ணனூரில் சம்பத் என்பவனுடைய கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் பட்டாளத்து ஆட்கள் வெடி வைத்தார்கள். மரத்தோடு கிணற்றுக் கட்டும் ஒரு பக்கம் உடைந்து உள்ளே சரிந்துவிட்டது. யாரோ சொன்னதை நான் நம்பவில்லை. நானே நடந்து போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெரியவில்லை. சேறும் செங்கல்லும்தான் தெரிந்தன. சம்பத் அந்தப் பட்டத்தில் பயிர் வைக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள் விடிந்ததும் ஓவர்சியர் பரந்தாமன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"பெரியவரே, தொரை உத்தரவு. இன்னிக்கி மோட்டார் ரம்பம் வருது. மத்தியானம் வெடி லாரி இந்தப் பக்கம் வரும். அதுக்குள்ள மரம் சாஞ்சா சரி. இல்லன்னா வெடிதான்."

"கை ரம்பம் போடக் கூடாதா?"

"அறுக்கிற ஆளுங்கல்லாம் ஷெட்டுக்குப் பலகை அறுக்கப் பூட்டாங்கோ. நீ போடறியா?"

மோட்டார் ரம்பத்தை இரண்டு பேர் பாடை தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு முனையில் இயந்திரம், மறு முனையில் கைப்பிடி. நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு பட்டை, அதைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி. தூக்கி வந்தவர்களில் ஒருவன் மெக்கானிக் ஜெயபால். பூந்தமல்லிக்காரன், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன். வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவனிடம் அந்த ரம்பத்தைப் பழகியவன் என்று பரந்தாமன் சொன்னான். இன்னொருவன் என் பெண்சாதி வடிவுக்குத் தம்பி, மணவாளன். டிப்போவில் கூலி வேலை. மாடு மாதிரி பலம் உண்டு. சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் செய்வான்.

இயந்திரத்தைத் தரையில் வைத்தார்கள். அதன் மேலெல்லாம் பனி முத்து முத்தாக நின்றது. ஜெயபால் மணவாளனை அந்தப் பக்கம் உட்காரவைத்து, பெட்ரோல் டப்பாவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பிடியில் அவன் கட்டைவிரலை வைத்து அழுத்திக் காட்டினான். பிறகு இந்தப் பக்கம் வந்து, சட்டத்தின்மேல் ஒரு காலை வைத்து, சக்கரத்தில் கயிற்றைச் சுற்றினான்.

"சோக்க புடி!"

"புட்ச்சேன் அண்ணாத்தே!"

இழுத்தான். ஒன்றும் இல்லை. மறுபடி சுற்றி இழுத்தான். இயந்திரம் கிழவன் இருமுகிற மாதிரி இருமிவிட்டு நின்றது.

"ஆங், வந்துச்சு. சோக்க உடு!" என்று கத்திக்கொண்டே ஜெயபால் கயிற்றை இழுத்தான்.

"சோக்கா உடு அண்ணாத்தே!" என்று மணவாளனும் கத்தினான்.

அதற்குப் பிறகு அந்த இருமலும் இல்லை. ஜெயபால் இழுத்துக்கொண்டே இருந்தான். அவன் "சோக்க உடு" என்பதும், இவன் "சோக்கா உடு, அப்டித்தான்" என்பதும் மாங்காட்டுத் தேர் இழுக்கிற கூச்சலாக இருந்தது. ஜெயபாலின் சட்டை நனைந்தது. இயந்திரத்தின் அடியில் மண்ணும் நனைந்தது. பெட்ரோல் நாற்றம் கிணற்றடி வரைக்கும் வந்தது. சுருட்டு பிடிக்கலாம் என்று எடுத்த பரந்தாமனை ஜெயபால் அதட்டித் தூரப் போகச் சொன்னான்.

வெயில் ஏறிவிட்டது. நான் கிணற்றைப் பார்த்தேன், ரோட்டுப் பக்கம் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ரம்பம் ஓடினால் மரத்தை ஜெயபால்தான் அறுக்க வேண்டும், கிளை கழிக்க வேண்டும். ஓடாவிட்டால் வெடிக்காரன் வந்து ஒரு நொடியில் முடித்துவிடுவான், இவன் நிழலில் உட்காரலாம். பட்டாளத்துச் சோறு தின்கிறவனுக்கு என் கிணறு எப்படிப் போனால் என்ன?

"யோவ், போதும் நிறுத்து," என்றேன். "இழுக்கற மாரி வேஷம் போடறியா? என் கெணத்துக்கு உலை வெக்கத்தான வந்துகிற?"

"இன்னா நைனா பேசற? தோள்பட்டை கயண்டுகினு கீது. வேஷமாம்!"

"நெஜமா இழுத்தா ஏன் வரல?"

"வருதான்னு நீயே இழு. இந்தா." கயிற்றை என் கையில் திணித்தான். "நானு அந்தப் பக்கம் குந்திகினு வேடிக்க பாக்கறேன். இஸ்து காமி பாக்கலாம்."

நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். ஜெயபால் கோபத்தோடு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு மணவாளன் பக்கம் போனான். போனவன் அப்படியே நின்றான்.

"டேய். கைய இன்னும் எடுக்கலியா நீ?"

மணவாளனின் கட்டைவிரல் அந்தப் பிடியை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய அழுத்தில் நகம் வெளுத்திருந்தது.

"நீதான அண்ணாத்தே சோக்கா புடின்ன? சோக்காதான் புட்ச்சினு கீறேன். ஒரு தபாகூட உடல."

"சோக்க உடு, சோக்க உடுன்னு தொண்ட கிழிய கத்தனனே!"

"அது கயித்த சொல்றன்னு நெனச்சேன். சோக்கா இஸ்து உடறேன்னு நீயே உன்ன மெச்சிக்கறன்னு..."

பரந்தாமன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஜெயபால் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சோக்கான்னா ஜோரான்னுதான அர்த்தம்? அது இல்லன்னா வேற இன்னாய்யா?" என்று கேட்டேன்.

"அந்தப் பிடி பேரே சோக்கு, நைனா. உள்ள போற காத்த அடைக்கிற மூடி. பனில மிஷின் சில்லுனு கீறப்போ மொதல்ல அடைக்கணும். ஒரு இருமல் இருமுச்சா, தொறந்து உடணும். உன் மச்சான் அடைச்சே வெச்சதுல காத்து இல்லாம வெறும் பெட்ரோலா உள்ள போய் ரொம்பிகீது. முழுகிப் போச்சு. இனிமே நாள்பூரா இழுத்தாலும் வராது."

"அப்ப வெடிதானா?"

"இரு நைனா. அதுக்குள்ள வாய வெக்காத."

பெட்ரோல் குழாயை மூடினான். பிளக்கைக் கழற்றி என்னிடம் காட்டினான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இந்த முறை மணவாளனைப் பக்கத்தில் விடாமல், இயந்திரத்தைக் கவிழ்த்துப் பிடிக்க என்னையே கூப்பிட்டான். பிளக்கு இருந்த ஓட்டை கீழே பார்த்திருக்க, கயிற்றை இழுக்க இழுக்க உள்ளே இருந்த பெட்ரோல் பீச்சியடித்தது. என் வேட்டியும் அவன் கையும் நாறின. பிறகு வெறும் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. பிளக்கை என் துண்டில் துடைத்து, வாயால் ஊதி, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது.

"சீக்கிரம் மாட்டுய்யா!"

"ஈரத்தோட மாட்டினா திரும்ப இதே கததான். பேசாம நில்லு."

நின்றேன். வேறு என்ன செய்ய? அவன் பிளக்கை மாட்டினான், குழாயைத் திறந்தான். சோக்கை யாரும் தொடவில்லை. இழுத்தான். இல்லை. மறுபடி இழுத்தான். படபடவென்று பிடித்துக்கொண்டது. கொல்லை முழுவதும் நீலப் புகை. வேலியில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. மணவாளன் துள்ளிக் குதித்து, "சோக்கா கீது!" என்று கத்தப் போய், ஜெயபால் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

லாரி வந்து நின்றபோது சங்கிலி மரத்துக்குள் பாதி போயிருந்தது. ஜெயபால் இயந்திரத்தைப் பிடிக்க, மணவாளன் மறு முனைக் கைப்பிடியைப் பிடித்திருந்தான். வெடிக்காரர்கள் இறங்கி, கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ரோட்டுக்கு மண் கொட்டி உயர்த்தப் போவதால் தரையோடு அறுத்தால் போதும், வேரைத் தோண்ட வேண்டாம் என்று பரந்தாமன் அவர்களிடம் சொன்னான். இலுப்பை முறிகிற சத்தம் கேட்டது. கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. காலுக்கடியில் தரை ஆடியது. நான் ஓடிப்போய்க் கிணற்றுக்குள் பார்த்தேன். கொஞ்சம் மண் உதிர்ந்து தண்ணீரில் வட்டம் வட்டமாகப் போனது. செங்கல் ஒன்றும் நகரவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் பார்த்தேன். நகரவில்லை.

லாரி திரும்பிப் போனது. ஜெயபால் கை கழுவக் கிணற்றடிக்கு வந்தான்.

"அங்கியே நில்லு. கிட்ட வராத," என்றேன்.

அவன் முகம் சுருங்கியது. "இன்னா நைனா, வேதக்காரன் தொட்டா தீட்டா?"

"பெட்ரோலுதான்யா தீட்டு. உன் கைல கீறது ஒரு சொட்டு உள்ள உழுந்தா மாடு வாய வெக்குமா? வேலியாண்ட போ, நானே ஊத்தறேன்."

வாளியில் இறைத்து வேலியோரம் கொண்டுபோய் ஊற்றினேன். மண்ணைப் போட்டுத் தேய்த்தும் அவன் கையில் நாற்றம் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். அந்தக் கையில் ஏந்திக் குடிக்க முடியாது. அண்ணாந்து வாயைத் திறக்கச் சொல்லி, சொம்பால் ஊற்றினேன். மூச்சு விடாமல் குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டான். அதையும் ஊற்றினேன்.