மணிக்கட்டும் எதிர்காற்றும்

ஏரியில் துடுப்புப் போட்டு இக்கரைக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் வலது கையால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டு வீங்கியிருந்தது. அசைத்தால் உள்ளே நரநரவென்றது. நான் நிக்‌ஷிச் நகரில் முடிதிருத்துகிறவள். கத்தரி பிடிக்கும் கை அது. இன்னொரு முறை நரம்பு புண்பட்டால் விரல்கள் முழுதாய் மடங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

ஆடு மேய்க்கும் ஸ்தானியா தன் கிடையிலிருந்து சோளக்களி கொண்டுவந்தாள். கோடையில் ஏரியின் இந்தக் கரையில் அவளும் அவள் ஆடுகளும் மட்டும்தான். என் கார் ஏழு கிலோமீட்டர் தள்ளி, மறுகோடியில் நின்றது.

“இடது கையால தின்னு தங்கச்சி. ஆடுங்க கையே இல்லாம தின்னுது.”

“இன்னிக்குக் கெளம்பணும் அக்கா.”

“படகு கெடக்கட்டும். குதிரையில கணவாய் வழியா கொண்டுபோய் விடுறேன்.”

“படகில்லாம போகமாட்டேன்.”

“புருசன விட்டுட்டு வந்தவளுக்குப் படக விட முடியலையாம்,” என்று பக்கத்திலிருந்த ஆட்டிடம் சொன்னாள்.

சுடவில்லை. மார்ச்சில் என் கணவன் மிலிசவின் வீட்டைவிட்டு வந்ததிலிருந்து எதுவும் சுடுவதில்லை.

மணிக்கட்டைத் துணியால் இறுகச் சுற்றிக்கொண்டு எட்டு மணிக்கு என் கயாக் படகில் ஏறினேன். பதினொன்றுக்கு மலையிடுக்கிலிருந்து காற்று இறங்கும். அதற்குள் கடக்க வேண்டும்.

நடு ஏரியில் வலி நின்றது. கை இருப்பதே தெரியவில்லை. இதற்குப் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். விரல்களிலிருந்து துடுப்பு மடியில் நழுவியது. அப்போதுதான் அதைக் கவனித்துப் பார்த்தேன். மிலிசவின் பழைய துடுப்பு. இரண்டு முனையிலும் உள்ள தட்டையான இலைகள் ஒன்றுக்கொன்று கோணலாகத் திரும்பியிருந்தன. அவன் வைத்த கோணம். எதிர்காற்றை வெட்டுவதற்காக அப்படி வைப்பார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் வலது மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டும். நான்கு வருடமாக மடக்கியிருக்கிறேன். நடுவிலுள்ள பொத்தானை அழுத்தித் திருப்பினால் இலைகள் நேராகிவிடும். ஒருமுறைகூடத் திருப்பியதில்லை. அவன் தடுத்ததுமில்லை.

இடது கட்டைவிரலால் அழுத்தித் திருப்பினேன். கை மடங்காமலே துடுப்பு ஓடியது. கால் மணி நேரம் நன்றாகப் போனேன்.

காற்று பத்து மணிக்கே வந்துவிட்டது. மேலே தூக்கிய இலையை நேராகப் பிடித்துத் தள்ளியது. எவ்வளவு துடுப்புப் போட்டும் கரையிலிருந்த வெள்ளைப் பாறை என்னைக் கடந்துபோகவில்லை. பழைய கோணத்தை வைத்தால் காருக்குப் போய்விடலாம். கை போய்விடும். இரண்டையும் கொஞ்ச நேரம் யோசித்தேன், வேறு யாருடைய கையையோ பற்றி யோசிப்பதுபோல.

படகைத் திருப்பினேன். காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தது.

ஸ்தானியா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கைப் பிடித்தாள்.

“என்ன, காரை எவனாவது ஓட்டிட்டுப் போயிட்டானா?”

“குதிரை எப்ப கெளம்பும் அக்கா?”

அவள் என் கையை இழுத்துத் துணியை அவிழ்த்தாள். விரல்களை மடக்கிப் பார்த்தேன். மெதுவாக மடங்கின, கட்டைவிரல் கடைசியாக. கண்ணில் நீர் முட்டியது.

“வலிக்குது,” என்றேன்.

“பின்ன வலிக்காதா,” என்று சொல்லிவிட்டுக் குதிரையைத் தேடிப் போனாள்.