ஏக்கருக்கு ஓர் ஓட்டு

வெண்டெல் தன் டிரெய்லர் வீட்டுக்கு முன்னால் ஒரு கட்டையை நட்டு, அதன் தலையில் தகரத் தபால்பெட்டியை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பாதாம் தோப்பின் மறு ஓரத்தில், ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று டெல்ஃபினா அந்தச் சத்தத்தைக் கேட்டாள். தபால்பெட்டி வைக்கிறார் என்றால் இங்கேயே இருக்கப்போகிறார். தோப்பில் வேலை செய்தவர்கள் வாடகைக்கு இருக்கும் இந்த ஆறு வீடுகளில், வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள் அவளோடு சேர்த்துப் பதினோரு பேர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினொன்று என்றுதான் சொல்வாள்.

அடுப்பிலிருந்த சோளக்கஞ்சியில் பாதியைப் பாத்திரத்தில் ஊற்றி, மேலே ஒரு படிவத்தை மடித்து வைத்து எடுத்துப் போனாள்.

"கஞ்சி புரியுது. இந்தக் காகிதம் எதுக்கும்மா?"

"ஓட்டுப் பதிவு. உங்களுக்கு ஓட்டு வேண்டாமா?"

"கடைசியா ஓட்டுப் போட்டப்ப என் பொண்டாட்டி உயிரோட இருந்தா. யாருக்குப் போடணும்னு அவதான் சொல்லுவா. இப்ப நீ சொல்லப்போறியா?" சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பம்பு செட்டிலிருந்து செப்புக் கம்பியைத் திருடிப் போகாமல் பார்த்துக்கொள்ள, தோப்பை வாங்கிய வீட்டுமனை நிறுவனம் வைத்த காவல்காரர் அவர். அவர்களுடைய ஆள். அதை நினைக்க நினைக்க டெல்ஃபினாவுக்கு உள்ளே இனித்தது.

தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் தெரியும் ஓடு வேய்ந்த வீடுகளில் இடமிருந்து நான்காவது அவளுடையதாக இருந்தது. அதை அவளுக்கு விற்ற அன்று, வாசனைக்காகவே அடுப்பில் பிஸ்கட் வைத்திருந்தார்கள். ஹால்வர்சன் என்ற அந்த நிறுவனத்து அதிகாரி, "ரோடு, சாக்கடை, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாத்துக்கும் சேர்த்து வருஷா வருஷம் ஒரு தனி வரி, மேடம். ரொம்பச் சின்னது," என்று சொல்லி ஒரு பிஸ்கட்டை அவள் கையில் கொடுத்தான். ரோடு வந்தது, சாக்கடை வந்தது, பள்ளிக்கூடமும் வந்தது. அதை அவள் மறுக்கவில்லை. ஒன்பது வருடம் கட்டினாள். அவள் வேலை பார்த்த, பழம் அடைக்கும் கொட்டகையை மூடிய வருடம் இரண்டு தவணை தவறியது. சாதாரண வீட்டு வரி என்றால் ஐந்து வருடம் பொறுப்பார்கள். இந்த வரியை நம்பிக் கடன்பத்திரம் வாங்கியவர்கள் ஐந்து மாதம்கூடப் பொறுக்கவில்லை. வழக்குப் போட்டார்கள், வீடு போயிற்று, அவள் தோப்பின் வாடகை வீட்டுக்கு வந்தாள். அடுத்த வசந்தத்தில் பூங்கா வந்தது. மஞ்சள் ஊஞ்சல்கள் இரண்டு, அவளுடைய பழைய சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே.

இந்த வரிக்கு யார் சம்மதித்தார்கள் என்று ஒருநாள் நகர அலுவலகத்தில் போய்க் கேட்டாள். ஒரே ஒரு தாள் கொடுத்தார்கள். ஆதரவு நூற்று நாற்பது ஓட்டு, எதிர்ப்பு பூஜ்யம், கையெழுத்து ஒன்று: ஹால்வர்சன். அவள் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கு நான்கு வருடம் முந்தைய தேதி. பன்னிரண்டு வாக்காளர்களுக்குக் குறைவாகக் குடியிருக்கும் நிலத்தில் நிலமே ஓட்டுப் போடும், ஏக்கருக்கு ஒன்று. பன்னிரண்டு பேர் இருந்துவிட்டால் மனிதர்கள் போடுவார்கள். விசாரணைக் கூட்டத்துக்கு முன் தொண்ணூறு நாள் அந்தப் பன்னிரண்டு பேரும் பட்டியலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இப்போது இந்தத் தோப்பிலும் அதே தனி வரி, அதே ஹால்வர்சன்.

தொண்ணூறு நாளும் அவள் ஒரு கோழிபோல அடைகாத்தாள். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்ற பக்கத்துவீட்டுப் பெரியவரைக் கோடை முடியட்டும் என்று நிறுத்திவைத்தாள். சண்டை போட்டுப் பிரியப்போன கணவன் மனைவிக்கு நடுவே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினாள். வெண்டெல் இருமினால் அவளுக்குத் தூக்கம் போயிற்று. கோழி சூப்பும் எலுமிச்சையும் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடிக்கும் வரை எதிரே நிற்பாள். கூட்டத்துக்கு முன்னால் செத்துவிடக் கூடாதே. வெண்டெல் தினமும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்தார். அவள் அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல இருந்தாள்.

கூட்டத்துக்கு அவர் வண்டியில்தான் போனாள். "மனு ஒண்ணு குடுக்கணும்," என்று மட்டும் சொல்லியிருந்தாள். ஹால்வர்சன் வரைபடத்தை விரித்து, "இங்க குடியிருக்கிற வாக்காளர் பதினோரு பேர். அதனால நில உரிமையாளர் ஓட்டு," என்றான். டெல்ஃபினா எழுந்து வாக்காளர் அலுவலகத்தின் சான்றிதழை மேஜைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு," என்றாள்.

"யாரு அந்தப் பன்னெண்டாவது ஆளு?"

எழுத்தர் பெயரைப் படித்தார். ஹால்வர்சன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தைப் பார்க்கத்தான் அவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். காது நுனிவரை சிவந்து, வாய் பாதி திறந்து, நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. பிறகுதான் கதவோரம் தொப்பியைக் கையில் பிடித்து நின்ற வெண்டெலைப் பார்த்தாள். அவர் தன் முதலாளியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் கால்வாய்ப் பாலம் தாண்டிய பிறகு கேட்டார்: "அந்த சூப்பு?"

"மொதல்ல ஓட்டுக்குத்தான்."

"அப்புறம்?"

வண்டி நின்றதும் அவள் இறங்கி வீட்டுக்குள் போனாள். மறுநாள் காலை அவளுடைய பாத்திரம், தேய்த்துக் கழுவி, படியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவர் வேலை போயிற்று. ஆனால் அவரைத் தோப்பைவிட்டுத் துரத்தவில்லை. அவர் இப்போது ஓர் ஓட்டு.

எதிரெதிர் வீடுகளில் மூன்று மாதம் ஒரு வார்த்தை இல்லாமல் போயிற்று. இதற்கிடையில் ஹால்வர்சன் வீடு வீடாக வந்தான். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது எட்டு ஓட்டு, ஆதரவாக விழுந்தால் வரி வரும், ரோடும் குழாயும் வரும், வீடுகள் எழும்பும். குடியிருப்பவர்களுக்கு இடம் மாறப் பணம் தருவதாகச் சொன்னான். "நீ கோவத்துல இருக்க, எங்களுக்கு வாடகை இருக்கு, டெல்ஃபி," என்றாள் சண்டைக்கார மனைவி. ஆதரவாகத்தான் போடப்போகிறோம் என்று மொத்தம் ஏழு பேர் அவளிடமே ஒத்துக்கொண்டார்கள். எதிர்ப்பு அவளோடு சேர்த்து நான்கு. மிச்சம் வெண்டெல் ஒருவர்தான். ஹால்வர்சனின் வெள்ளை வண்டி வெண்டெல் வாசலில் அரை மணி நேரம் நின்றதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள். கண்ணாடியில் அவள் மூச்சுப் பட்டு அந்த வண்டி மங்கியது.

தபாலில் ஓட்டு அனுப்பக் கடைசி நாள் காலையில் வெளியே வந்தபோது, அவருடைய தபால்பெட்டியில் சின்ன சிவப்புக் கொடி நிமிர்ந்திருந்தது. தபால்காரர் எடுத்துப்போக உள்ளே ஒரு கடிதம் இருக்கிறது என்று அர்த்தம். பூட்டு இல்லாத பெட்டி. இழுத்தால் திறக்கும். அவள் தோப்பைக் கடந்து நடந்து போய் அதன் முன்னால் நின்றாள். டிரெய்லரின் திரை லேசாக அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லாத மஞ்சள் ஊஞ்சல் ஒன்று முன்னும் பின்னும் போய் வந்தது. சாலை முனையில் தபால் வண்டி திரும்பியது. டெல்ஃபினா இரண்டு கைகளையும் ஏப்ரன் பைக்குள் விட்டு, விரல்களை இறுக மடக்கிக்கொண்டு, அந்தச் சிவப்புக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.