ரசத்துக்கு மேல் நின்ற தண்ணீர்

எங்கள் ஊரான ஹோராகோமின் கிறிஸ்தவக் கோவிலில், பூசைக் கிண்ணத்துக்கு ஒரு முழம் மேலே, தண்ணீர் அந்தரத்தில் நிற்கிறது. கிரேக்கர்கள் மேற்குக் கோட்டையைப் பிடித்த வருஷம் அது நிற்கத் தொடங்கியது. கோதுமை விலை ஏறியதும் அந்த வருஷம்தான்.

கிழக்குக் கோட்டை அரபு அமீருடையது. நடுவில் நாங்கள். யார் வந்தாலும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்களே தவிர, பூசையில் கை வைத்ததில்லை. கிரேக்கத் தளபதி லியோன்டியோஸ் வைத்தார். ஆர்மீனியர்களான நாங்கள் பூசைக்குத் தனித் திராட்சை ரசம்தான் வைப்போம். கிரேக்கர்கள் அதில் தண்ணீர் சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாதிரியார் ஹுசிக் தன் கையாலேயே கிண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும், மறுத்தால் விலங்கு மாட்டிக் கிரேக்கப் பேரரசரின் நகரத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று உத்தரவு. அப்படிப் போன பாதிரியார் எவரும் திரும்பியதில்லை.

“சாமி, ஒரு சொட்டு விழட்டும், அப்புறம் எங்க வீட்டுச் சாவுக்குக்கூட உங்களக் கூப்பிட மாட்டோம்” என்று கொல்லர் வாசாக் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஹுசிக் நல்ல மனிதர், வீரர் இல்லை. மனைவி ஷுஷான் அப்போது நிறைமாதம்.

“ஏங்க, பேசாம ஊத்திடுங்க. ஊரு நாலு நாள் திட்டும். புள்ளைக்கு அப்பன் வேணும்.”

“ஊரு மட்டுமா? ஆண்டவரும் திட்டுவாரே!”

“அவருகிட்ட நான் பேசிக்கிறேன்.”

பேசினாரோ என்னவோ. ஞாயிறன்று ஹுசிக் கண்ணை மூடிக்கொண்டு குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் பாதி வழியில் நின்றுவிட்டது. இன்னும் ஊற்றச் சொன்னார் தளபதி. குடம் காலியாயிற்று, தண்ணீர் பூசணிக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது, ரசத்தில் ஒரு சொட்டும் விழவில்லை. தளபதி விரலால் குத்திப் பார்த்தார். விரல் நனைந்தது. அவர் கெட்டவர் இல்லை, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

“ஊத்தணும்னாங்க. ஊத்தியாச்சு. கலந்துச்சான்னு எவனும் என்னைக் கேக்கல” என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறினார்.

வாசாக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். தனி ரசம். “பொழைச்சீங்க சாமி!” என்று ஹுசிக்கின் கையை முத்தமிட்டார். எங்களுக்கெல்லாம் அப்பாடா என்றிருந்தது. சிலர் வெட்கமில்லாமல் அழுதோம்.

மறுவருஷம் அமீரின் படை வந்தது, கிரேக்கன் பக்கம் சாய்ந்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டு. அதன் தலைவர் தண்ணீரை அண்ணாந்து பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அனுமதி வாங்கி அதில் கை, முகம், கால் கழுவிக்கொண்டு வெளியே போய்த் தொழுதார். பிறகு கிரேக்கர்கள், மறுபடி அமீர், மறுபடி கிரேக்கர்கள். வந்த ஒவ்வொரு கிரேக்கத் தளபதியும் ஒரு குடம் ஊற்ற வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் போனார்.

இப்போது அது வைக்கோல் போர் அளவு இருக்கிறது. பீடத்துக்குக் குனிந்துதான் போக வேண்டும். ஹுசிக்குக்கு வயதாகிவிட்டதால் சில நாள் மறந்து நிமிர்ந்துவிடுகிறார். தலை சொட்டச் சொட்ட வீட்டுக்கு வருகிறவரை ஷுஷான் வாசலிலேயே நிறுத்தித் திட்டுகிறார். மகள் துண்டு எடுத்து வருகிறாள்.