நடுச்சுவர்

கணக்கு டீச்சரும் தங்கையும் இருபத்தாறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டைப் பிரித்தபோது மாடிப்படி யாருக்கு என்று சண்டை. டீச்சர் கொத்தனாரை அழைத்துக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பி, படியையும் சரிபாதியாகப் பிளந்துவிட்டார். அன்றிலிருந்து இருவரும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் மாடி ஏறினார்கள். முன்வாசல் டீச்சர் பங்கு. சந்துப் பக்கத்துப் பின்வாசல் தங்கைக்கு.

தையல்காரத் தங்கைக்கு முழங்காலில் ஆபரேஷன் என்றதும் டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. தானாடாவிட்டாலும் தசையாடும் அல்லவா? ஒட்டி நின்ற ஒன்பது பழைய வீடுகளையும் சுற்றிக்கொண்டு சூப்போடு போய்க் கதவைத் தட்டினார். அழுகை, சிரிப்பு, சமாதானம். சுவரை இடித்துவிடலாம் என்று முடிவானது.

ஆனால் அந்தத் தெரு முழுக்கவே நகரத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள். ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். டார்ச்சும் கோப்புமாக அதிகாரி வந்தார்.

"இதை இடிக்க முடியாது மேடம்."

"நான் கட்டின சுவருங்க!"

"இருக்கலாம். பத்து வருஷம் முன்னாடி பட்டியல் போட்டப்ப உள்ளே என்னென்ன இருந்துச்சோ, அத்தனைக்கும் பாதுகாப்பு உண்டு."

தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியாக்கா, உன் கோபத்துக்கு அரசாங்கமே காவல் நிக்குது!"

டீச்சருக்கு மானம் போனது. ஆனாலும் அதிகாரி சுவரைத் தடவி, "கோணலே இல்லாம எழுப்பியிருக்காங்க" என்றபோது உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

"அப்ப காலம்பூரா தெருவைச் சுத்தியே போகணுமா?" என்றார் டீச்சர்.

அதிகாரி யோசித்தார். "சுவர்ல ஆள் நுழையற அளவுக்கு ஒரு வளைவு வேணா திறக்கலாம். இந்த வீட்டு உள்வாசல் எதுக்கும் கதவு கிடையாது. இதுக்கும் கதவு, தாழ்ப்பாள் கூடாது."

இருவரும் தலையாட்டினார்கள்.

வளைவு திறந்த மூன்றாவது வாரம். டீச்சர் கண்ணயரும் மதிய நேரம் பார்த்துத் தையல் மிஷின் கடகடத்தது. டீச்சரும் சும்மா இருக்கவில்லை. அந்தப் பக்கம் போய், வாடிக்கையாளர் முன்னாலேயே தங்கையின் அளவுக் கணக்கைத் திருத்தினார்.

அன்று சாயங்காலம் தங்கை வளைவு வழியே வந்து உட்கார்ந்தார். "அக்கா, அந்த அதிகாரி நம்பர் இருக்கா? இதைத் திரும்ப அடைக்கலாமான்னு கேக்கணும்."

டீச்சர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்தே கேட்டுட்டேன். முடியாதாம்."

தங்கை கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பேப்பரில் பாதியை உருவிக்கொண்டு அங்கேயே காலை நீட்டிக்கொண்டார்.