சொந்த விருப்பத்தின் பேரில்

1

“நாங்களா ஆசப்பட்டா தம்பி போனோம்? வரலேன்னா திங்கக்கெழம கம்பெனி கேட்டுக்குள்ள விடமாட்டோம்னு சொன்னாகளா இல்லையா?”

“சொன்னாகக்கா.”

“பெறகு இந்தத் தாள்ல விருப்பம் எங்கன இருந்து வந்துச்சு?”

இந்தக் கதை இந்தக் கேள்வியில்தான் பிறந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கேட்டவர் குருவம்மாள். திருத்தங்கலுக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் சரம் பின்னுகிறவர். எதிரே பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தவன் கதிரவன். அதே கம்பெனி ஆபீஸில் டைப் செய்கிறவன், கதையும் எழுதுகிறவன். (‘நான்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வேன். ஆகவே கதிரவன். யாரிடமும் சொல்லாதீர்கள்.)

2

கதையை அவன் முதலில் இப்படித் தொடங்கினான்:

‘பனி பெய்துகொண்டிருந்த அந்த ரயில் நிலையத்தில்...’

சிவகாசியில் பனிக்கு எங்கே போவது? கோடு போட்டு அடித்தான். அடுத்தது:

‘கந்தகத்தின் மஞ்சளில் அந்த நகரம் தன் மரணத்தைப் பற்றி...’

ஊரே தூக்குவாளியைப் பிடித்துக்கொண்டு ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடுகிறது. மரணத்தைப் பற்றி யோசிக்க அதற்கு நேரம் ஏது? அதையும் அடித்தான்.

3

இவன் இப்படியே இழுப்பான். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்தில் கட்டாயப் பாதுகாப்புப் பயிற்சி, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. நல்ல பயிற்சிதான். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரிந்தால் உயிர் தங்கும். அதில் யாருக்கும் சண்டையில்லை. பின்னிய சரத்துக்குத்தான் கூலி என்பதால் அன்றைக்குக் கூலி கிடையாது, டீயும் பன்னும் சாம்பார் சாதமும் மட்டும் உண்டு என்றார்களே, சண்டை அதில்தான்.

மத்தியானத்துக்கு மேல் செய்முறை. வெடிமருந்து அடைக்காத வெறுங்குழாய்களையும் நூலையும் கொடுத்து, “ஒண்ணே ஒண்ணு, மெதுவாப் பின்னிக் காட்டுங்க” என்றார் பயிற்சி கொடுத்தவர். பழகிய கை ஒன்றோடு நிற்குமா? அவர் திரையில் படம் காட்டிப் பேசிக்கொண்டே இருக்க, வந்திருந்த நாற்பது பெண்களும் கண்ணை அவர் மேல் வைத்துக்கொண்டு மடியில் பின்னித் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் எழுந்து பார்த்தால் ஏழு மூட்டைச் சரம். (மூன்றுதான். ஏழு, கதைக்காக.)

மேனேஜர் பாலகுருவுக்கு வாயெல்லாம் பல். கடை வாசலில் பார்வைக்குத் தொங்கவிட மருந்தில்லாத சரம் கேட்டு ஒரு ஆர்டர் நின்றுகொண்டிருந்தது. மறுநாளே லோடு ஏற்றிவிட்டார். குருவம்மாள் போய் அதற்குக் கூலி கேட்டார்.

“பயிற்சிக்கு ஏதும்மா கூலி? படிக்கப் போற பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல காசு குடுக்காகளா?”

“பிள்ள எழுதுன நோட்ட பள்ளிக்கூடம் கடையில கொண்டுபோயி விக்குதா சார்?”

பாலகுரு கதிரவன் பக்கம் திரும்பினார். “ஏலே, ஒரு பேப்பர் டைப் பண்ணு. கையெழுத்துப் போட்டவுகளுக்குத்தான் பயிற்சி கார்டு. கார்டு இல்லேன்னா திங்கக்கெழம கேட்டு தெறக்காது.”

கதிரவன் டைப் செய்தான்: ‘இப்பயிற்சியில் என் சொந்த விருப்பத்தின் பேரில், எவ்வித ஊதிய எதிர்பார்ப்புமின்றிக் கலந்துகொண்டேன்.’*

* ஆறு பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவன். அச்சாகி நாற்பது பேர் கைக்குப் போய்ச் சேர்ந்த அவனுடைய முதல் வாக்கியம் இதுதான். ‘எவ்வித’ என்ற இடத்தில் ஓசை நன்றாக விழுந்திருக்கிறதென்று சந்தோஷம் வேறு.

4

முப்பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. குருவம்மாள் போடாவிட்டால் சீசன் நேரத்தில் வேலை இல்லை. போட்டாலோ, இனி எந்தப் பயிற்சிக்குக் கூலி கேட்டாலும் இந்தத் தாளே அவருக்குப் பதில் சொல்லும்.

கதிரவன் வைத்திருக்கும் முடிவுகள்:

அவன் துள்ளி எழுந்து நாற்பது தாளையும் கிழிக்கிறான். (அவனா?)

பாலகுரு மனம் மாறி, கண்கலங்கி... (உங்களுக்கு பாலகுருவைத் தெரியாது.)

குருவம்மாள் ஒரு வெள்ளைப் பறவையாகி ஜன்னல் வழியே... (மன்னிக்கவும். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துக் கெட்ட பழக்கம்.)

5

ஆகவே, ஒன்றாம் பகுதியில் விட்ட இடத்துக்கே வருவோம். சனிக்கிழமை, மணி ஐந்தே கால். அவன் இன்னும் மூடியைத்தான் கடித்துக்கொண்டிருக்கிறான். குருவம்மாளின் பார்வை மேஜை மேல் கிடந்த வேறு தாள்களுக்குப் போனது.

“இதென்ன தம்பி, ஒரே கோடா இழுத்து வச்சிருக்கீக?”

“கதைக்கா. சரியில்லாத வரியெல்லாம் அடிச்சிருவேன்.”

“அம்புட்டையுமா? மேனேஜர கேக்க வேண்டாமா?”

“நான் எழுதுனதுதான? யார கேக்கணும்?”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. குருவம்மாள் சிரிக்கவில்லை. தன் தாளை அவன் பக்கம் திருப்பி வைத்தார். நூல் இழுத்து இழுத்துக் காய்த்த விரலை அந்த வரியின் மேல் ஊன்றினார்.

“இதும் நீங்க எழுதுனதுதான தம்பி? இந்த ஒரு வரிய மட்டும் அடிச்சுக் குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டு பஸ்ஸுக்குப் போறேன்.”